சொன்னபடியே கேட்ட நோயாளி

என்னைப் பற்றி நீங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன பேசிக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். தலைக்கனம் பிடித்தவள் என்பீர்கள். தப்பில்லை. பிடித்திருந்தது; ஓய்வு பெற்ற பிறகும் விட்டபாடில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது நம் ஆஸ்பத்திரியின் ஈரல் பிரிவில் டயட்டீஷியனுக்கு என்று ஓர் அறை கிடையாது. மாடிப்படிக்குக் கீழே, உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டுவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. அங்கே உட்கார்ந்துதான் நோயாளிகளுக்குச் சாப்பாட்டுச் சீட்டு எழுதினேன். படியில் இறங்கி வருகிறவர்கள் என்னிடம் எக்ஸ்ரே அறைக்கு வழி கேட்பார்கள். இன்று உங்களுக்கு அறை இருக்கிறது, கதவில் பலகை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஈரல் அறுவைக்குத் தேதி குறிக்கும் முன் நோயாளியின் உடம்பில் அதற்குத் தெம்பு இருக்கிறது என்று டயட்டீஷியன் கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதி இருக்கிறது. சர்ஜன்மார் உங்கள் கையெழுத்துக்குக் காத்து நிற்கிறார்கள். அந்த விதியைக் கொண்டுவந்தவள் நான். இதில் அடக்கம் காட்ட எனக்கு உத்தேசமில்லை.

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக நாலு வரி எழுதித் தரச் சொன்னீர்கள். அந்தக் கையெழுத்து எப்படி வந்தது என்பதை எழுதுகிறேன். என் சாமர்த்தியத்தால் வந்தது என்றுதான் இதுவரை எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் திருத்தவில்லை. அது என் தப்பிலிருந்து வந்தது. அந்தத் தப்பு தற்செயலாக நடந்ததும் இல்லை. நான் உங்களில் மூத்தவர்களுக்குத் தொழில் ரகசியமாகச் சொல்லிக் கொடுத்த ஒரு வழக்கத்தில் இருந்து வந்தது.

அந்த வழக்கம் இதுதான்: பாதி எழுது. நோயாளிக்கு ஒரு நாளைக்கு நாலு ஸ்பூன் எண்ணெய் சரி என்றால் சீட்டில் இரண்டு என்று எழுது. அவர்கள் வீட்டுக்குப் போய் எப்படியும் இரண்டு மடங்கு ஊற்றுவார்கள், அப்போது கணக்கு சரியாகிவிடும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் என்னுடைய முதல் தலைமை டயட்டீஷியன். அவர் பொய் சொல்லவில்லை. இந்த மலையாள ஊரில் யாரிடம் போய் எவ்வளவு எண்ணெய் சேர்ப்பீர்கள் என்று கேட்டாலும் வருகிற பதில் ஒன்றுதான்: ‘குறச்சு’. கொஞ்சம். வாழைக்காய் வறுத்த உப்பேரியைப் படி கணக்கில் தின்கிறவரும் குறச்சு என்பார். அதனால் நான் ஸ்பூனைப் பற்றிக் கேட்பதே இல்லை. எண்ணெய்ப் பாட்டில் எத்தனை நாள் வருகிறது, வீட்டில் எத்தனை பேர், இரண்டே கேள்வி. பதில் வந்ததும் மனசுக்குள் வகுத்துப் பார்த்து, ‘ஆளுக்கு எட்டு ஸ்பூன் ஆறது, தெரியுமோ?’ என்று கேட்பேன். எதிரில் இருப்பவர் முகம் விழும். எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம் உண்டு.

எண்ணெயில் நான் இத்தனை கறாராக இருந்ததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். ஈரலில் கொழுப்பு சேர்ந்து, வருடக்கணக்கில் அது புண்ணாகி, தழும்பாகி, தழும்பில் கட்டி வருவதைத் தினம் பார்த்தோம். குடித்தே அறியாதவர்களுக்கு வந்தது. எந்தக் கொழுப்பு அதிகம் கெடுக்கிறது, மீனில் இருக்கும் கொழுப்பு உண்மையிலேயே காக்கிறதா, நம் தேங்காயெண்ணெய் எந்தப் பக்கம் நிற்கிறது என்று வருகிற கட்டுரைகளையெல்லாம் விடாமல் படித்தவள் நான். நெய்யிலும் பாமாயிலிலும் அதிகமாக இருக்கும் ஒருவகை அமிலம் ஈரலின் செல்களை நோகடிக்கிறது, மீன் கொழுப்பு அந்த எரிச்சலைத் தணிப்பதாகத் தெரிகிறது என்ற அளவுக்குச் சொல்லலாம். அதற்கு மேல் யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். மத்தி தின்றால் ஈரல் புற்றுநோய் வராது என்று நோயாளியிடம் ஒருநாளும் சொல்லாதீர்கள். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கே சொல்வதில் நான் கெட்டி என்று அப்போது நினைத்திருந்தேன்.

அப்படி நினைத்திருந்த நாளில்தான் சுடலைமுத்து வந்தார். நாங்குனேரிப் பக்கத்துக்காரர். நம் ஊர் ஆரியசாலையில் ஒரு சாயாக்கடையில் முப்பது வருடமாக வடை மாஸ்டர். பருப்புவடை, உளுந்துவடை, பழம்பொரி எல்லாம் அவர் கைதான். கூட அவர் மனைவி பேச்சியம்மாள். பிள்ளைகள் இல்லை, சாலைக் கம்போளம் என்ற சந்தைக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையில் இரண்டு பேரும் இருந்தார்கள். அவருக்குச் சர்க்கரை, தொப்பை, ஈரலில் தழும்பு, அந்தத் தழும்பில் ஒரே ஒரு கட்டி. கட்டி வசதியான ஓர் ஓரத்தில் இருந்தது. அந்தப் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு என்று நம் பழைய சர்ஜன் சொன்னார். அவர் அதிகம் பேசாதவர், நல்ல செய்தியைச் சொல்வதில் கொஞ்சம் கஞ்சன். அவரே அப்படிச் சொன்னார். சர்க்கரை அடங்கட்டும், ஆறு வாரத்தில் அறுவை, அதுவரை சாப்பாட்டை நீங்கள் பாருங்கள் என்று என்னிடம் அனுப்பினார்.

நான் ஆளைப் பார்த்தேன். தொழிலைக் கேட்டேன். வடை மாஸ்டர் என்றதும் என் மனசில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிறவர் கையும் வாயும் சும்மா இருக்குமா? கடையில் இரண்டு, வீட்டில் நான்கு என்று போய்க்கொண்டிருக்கும். இந்த ஆளுக்குப் பாதி போதாது, பாதியிலும் பாதி எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். அவருக்குத் தேவை நாலு ஸ்பூன் எண்ணெய். நான் எழுதியது ஒன்று. தேங்காய் வேண்டாம். முட்டையில் மஞ்சள் கரு வேண்டாம். மீன் வாரம் ஒரு தடவை, அதுவும் ஒரே துண்டு. சோறு பாதி, பருப்பு ஒரு கரண்டி. ராத்திரி ஏழு மணிக்கு மேல் பச்சைத்தண்ணீர் தவிர எதுவும் கிடையாது. கடையில் வாயில் எதுவும் போடக் கூடாது என்பதை அடிக்கோடு போட்டு எழுதினேன்.

சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்த அரைமணி நேரத்தில் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

“இதுல எழுதியிருக்கத அப்படியே செய்யணுமாம்மா?”

“அப்படியே செய்யணும். ஒரு சொட்டு அதிகம் போகப்படாது” என்றேன். சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மூன்றாவது வாரம் பரிசோதனைக்கு வந்தார். நான்கு கிலோ குறைந்திருந்தது. சர்க்கரை அடங்கியிருந்தது. தொப்பை வற்றியிருந்தது. எனக்குக் கொள்ளை சந்தோஷம். அன்று என்னிடம் பயிற்சிக்கு வந்திருந்த ஆறு பெண்களையும் கூப்பிட்டு, அவரை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, வாயைக் கட்டினால் என்ன நடக்கும் என்று பாருங்கள், முப்பது வருடம் எண்ணெய்க்கு முன்னால் நின்றவர் மூன்று வாரத்தில் எப்படி ஆகியிருக்கிறார் என்று பிரசங்கம் செய்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். அவருக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்த ஆறு பெண்களில் இரண்டு பேர் இன்று உங்களுக்கு மேலதிகாரிகள். இதைப் படித்தால் அவர்களுக்கு அந்த நாற்காலி ஞாபகம் வரும்.

ஆறாவது வாரம் அறுவைத் தேதிக்காக வந்தவரைப் பார்த்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, நெற்றிப்பொட்டில் குழி விழுந்து, கணுக்காலில் மட்டும் லேசாக நீர் கோத்திருந்தது. சர்ஜன் அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லி, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள் என்றார். அவரால் முடியவில்லை. இரண்டாவது தடவையும் முயன்றார், தொடை நடுங்கியது. மூன்றாவது தடவை பேச்சியம்மாள் அவர் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள்.

அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு சர்ஜன் எங்களிடம் மலையாளத்தில் சொன்னார்: நோய் ஆளைத் தின்னத் தொடங்கிவிட்டது, ஆறு வாரத்தில் இப்படி உருகினால் கட்டி நாம் நினைத்ததைவிட மோசமானது, இந்த உடம்பு மேஜையில் தாங்காது. அறுவை வேண்டாம், வலி குறைக்கிற வழியைப் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டத் தொடங்கினார். அந்த வரி பதிவாகிவிட்டால் சுடலைமுத்துவின் கதை அதோடு முடிந்தது. அறுவைப் பட்டியலில் இருந்து பெயர் நீங்கிய ஒருவர் திரும்ப ஏறி நான் பார்த்ததில்லை.

நான் வராந்தாவுக்குப் போனேன். எனக்கு வந்தது கோபம்தான், ஒளிக்காமல் சொல்கிறேன். யாரோ வைத்தியர் பேச்சைக் கேட்டுக் கஷாயம் குடித்துப் பட்டினி கிடந்திருக்கிறார், நான் போட்ட அஸ்திவாரத்தை இடித்துவிட்டார் என்று நினைத்தேன். ‘யார் பேச்சைக் கேட்டேள்? என்ன சாப்பிட்டேள்?’ என்று பெஞ்சுக்கு முன்னால் நின்று அதட்டினேன்.

அவர் சட்டைப் பையில் இருந்து என் சீட்டை எடுத்தார். மடிப்பில் கிழியாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தார். பேச்சியம்மாள் தன் பையில் இருந்து ஒரு சின்ன மருந்துப் பாட்டிலை எடுத்துக் காட்டினாள். பக்கவாட்டில் நகச்சாயத்தால் ஒரு கோடு. ஒரு ஸ்பூன் எண்ணெய் எந்த இடம் வரும் என்று அளந்து போட்ட கோடு அது. தினமும் காலையில் அந்தக் கோடு வரை எண்ணெய் ஊற்றி அன்றைய சமையலை அதற்குள் முடித்திருக்கிறாள்.

“நீங்க எழுதினதுக்கு மேல ஒரு சொட்டு விடலம்மா. நான் மனசு பொறுக்காம ரெண்டு சொட்டு விட்டாலும் அவிய கண்டுபிடிச்சிருவாவ. தட்டத் தள்ளி வச்சிருவாவ.”

கடையில் வடை தின்னவே இல்லையா என்று கேட்டேன். அவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். எண்ணெயில் நிற்கிறவனுக்கு எண்ணெய்ப் பண்டம் இறங்காதும்மா, இருபது வருடமாக நான் ஒரு வடை தின்றதில்லை என்றார். நான் அதைக் கேட்டிருக்கவே இல்லை. பாட்டில் எத்தனை நாள் வருகிறது என்ற என் பிரசித்தி பெற்ற கேள்வியைக்கூட அவரிடம் கேட்கவில்லை. தொழிலைக் கேட்டதோடு சரி.

ஏன் இப்படிச் செய்தீர்கள், உடம்பு இளைக்கிறது என்று தெரிந்தும் ஏன் கொஞ்சம் கூட்டிச் சாப்பிடவில்லை என்றேன்.

“அளவு சொன்னது நீங்க. இந்த வேலைக்கு நீங்கதான மாஸ்டரு. மாஸ்டர் சொன்ன அளவ கூடமாட நிக்கவன் மாத்தலாமா?”

அங்கே, அந்த வராந்தாவில், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆளைத் தின்றது கட்டி அல்ல. தழும்பு விழுந்த ஈரல் சர்க்கரையைச் சேர்த்துவைக்கத் தெரியாதது. ராத்திரி முழுக்க வயிற்றைக் காயப்போட்டால் உடம்பு தன் தசையையே எடுத்து எரிக்கும். இது பாடப் புத்தகத்தில் உள்ளது. எனக்குத் தெரியாததில்லை. நான் ஏழு மணிக்கு மேல் எதுவும் கூடாது என்று எழுதும்போதே, இந்த ஆள் ஒன்பது மணிக்கு நன்றாகச் சாப்பிடத்தான் போகிறார் என்ற தைரியத்தில் எழுதினேன். கொழுப்பைக் குறைத்தால் ஈரலுக்கு நல்லது என்பது நோய் வராதவருக்கும் ஆரம்பத்தில் இருப்பவருக்கும் சரி. கத்திக்குத் தயாராகிற உடம்புக்கு அதே பேச்சைப் பேசினால் அது பட்டினி.

இனிமேல்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். உள்ளே சர்ஜன் நோய் தின்கிறது என்று எழுதிக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அது அப்படியே போய்விடும். ஈரல் புற்றுநோயில் ஆள் மெலிவது யாருக்கும் புதிதில்லை. ஒருத்தரும் என் சீட்டைக் கேட்கப் போவதில்லை. சுடலைமுத்துவும் பேச்சியம்மாளும் விதி என்று எடுத்துக்கொண்டு நாங்குனேரிக்கு பஸ் ஏறுவார்கள். என் பெயர் கெடாது. மாடிப்படிக்கு அடியில் இருந்து அப்போதுதான் ஓர் அறைக்கு வந்திருந்தேன். அந்த அறையையும் யாரும் பிடுங்க மாட்டார்கள். இந்த எண்ணமெல்லாம் எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் வெளியிலேயே நின்றேன்.

அப்புறம் உள்ளே போனேன். அறையில் இரண்டு ஜூனியர் டாக்டர்கள், ஒரு நர்ஸ், என் பயிற்சிப் பெண் ஒருத்தி. எல்லோரும் கேட்கும்படி மலையாளத்தில் சொன்னேன்: டாக்டர், அதை எழுதாதீர்கள். அவரை நோய் தின்னவில்லை, நான் பட்டினி போட்டேன். சீட்டை அவர் மேஜையில் வைத்தேன். பாதி எழுதும் வழக்கத்தைச் சொன்னேன். வடை மாஸ்டர் என்பதால் அதிலும் பாதி எழுதியதைச் சொன்னேன்.

சர்ஜன் சீட்டை முழுவதும் படித்தார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுபடி முதலில் இருந்து படித்தார். பிறகு, எத்தனை வருடமாக இப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டார். சேர்ந்த நாளில் இருந்து என்றேன். அவரைத் தேற்ற எனக்கு எத்தனை நாள் வேண்டும் என்றார். ஒரு மாதம் கேட்டேன். கட்டி உங்களுக்காகக் காத்திருக்காது, மூன்று வாரம், அதற்குள் கை ஊன்றாமல் ஐந்து தடவை அவர் எழுந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இப்போது நிறுத்திய வரியை முடிப்பேன் என்றார். அவ்வளவுதான். எனக்கு அது கருணையாகத்தான் பட்டது.

மூன்று வாரத்துக்கு உண்டான புதுச் சீட்டை அன்றே எழுதிக் கொடுத்தேன். நாலாம் நாள் பேச்சியம்மாள் போன் செய்தாள். பழைய சீட்டையே வைத்துக்கொண்டிருக்கிறார், எண்ணெயைக் கண்டால் பயப்படுகிறார், தேங்காயெண்ணெய் விட்ட அவியலை ஒதுக்கி வைக்கிறார் என்றாள். மூன்று வாரத்தில் நான்கு நாள் போயிற்று. மத்தியானம் மூன்று மணிக்கு ஆட்டோ பிடித்து ஆரியசாலைக்குப் போனேன்.

கடைச் சந்தில் கொத்தமல்லி மூட்டையும் வற்றல் மிளகாயும் மூக்கைத் துளைத்தன. அவர் வீட்டில் இருப்பார் என்று நினைத்தேன். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வடை தட்டிக்கொண்டிருந்தார். எழுந்து நிற்க முடியவில்லை என்றாலும் கை பழையபடி ஓடியது. ஒவ்வொரு வடையும் ஒரே பருமன். சாயா குடிக்க வந்தவர்கள், முதலாளி, எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் புதுச் சீட்டின்படி சாப்பிடவில்லை என்று கேட்டேன்.

“அன்னைக்கு ஒரு சொட்டு கூடாதுன்னிய. இன்னைக்கு நாலு ஸ்பூனுங்கிய. இதுல எதும்மா நெசம்?”

“இன்னிக்கு எழுதினதுதான் நெஜம். அன்னிக்கு நான் எழுதினது தப்பு. நீங்க நான் சொன்னதைக் கேக்கமாட்டேள்னு நினைச்சுண்டு குறைச்சு எழுதிட்டேன்.”

அவர் கரண்டியால் வடைகளைத் திருப்பிவிட்டார். ஒரு ஈடு முழுக்க எடுத்து வடிதட்டில் போட்ட பிறகுதான் பேசினார்.

“கேக்க மாட்டேன்னு நெனச்சா, எதுக்கும்மா எழுதித் தந்திய?”

இத்தனை வருடத்தில் என்னிடம் எத்தனையோ பேர் கஷ்டமான கேள்வி கேட்டிருக்கிறார்கள். அதெல்லாம் பரீட்சைக் கேள்வி. இந்த ஒரு கேள்விக்கு முன்னால்தான் எனக்கு அழுகை வந்தது. அந்தக் கடையில், அத்தனை பேருக்கு நடுவில், கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மன்னிச்சுக்கணும் என்று சொன்னேன். அவர் சங்கடப்பட்டு, முதலாளியைப் பார்த்து அம்மாவுக்கு ஒரு சாயா என்றார். பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, சரியான அளவை மறுபடி ஒரு தடவை வாயால் சொல்லச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. பாதி எழுதுகிறவனுக்குப் பயம் கிடையாது. தப்பு நேர்ந்தால் பழியை நோயாளி மேல் போடலாம். அவர்தான் சொன்னதைக் கேட்கவில்லையே. இவர் அப்படியே செய்கிறவர். நான் நாலு என்றால் நாலுதான் உள்ளே போகும். முதல் தடவையாக ஒரு மனிதனின் உடம்புக்கு வேண்டிய சரியான அளவை, கூட்டாமல் குறைக்காமல், நான் நினைத்து நினைத்துச் சொன்னேன். தேங்காயெண்ணெய் நாலு ஸ்பூன். அதன் கொழுப்பில் பெரும்பகுதி பித்தத்தின் தயவு அதிகம் இல்லாமல் ஜீரணமாகும், நோய்ப்பட்ட ஈரலுக்குச் சுமை குறைவு. முழு முட்டை இரண்டு. பருப்பு மூன்று கரண்டி. படுக்கப் போகும் முன் ஏத்தன் என்கிற நேந்திரம்பழமும் ஒரு டம்ளர் பாலும், அதற்குத் தக்கபடி சர்க்கரை மருந்தை டாக்டர் மாற்றித் தருவார். காலையும் மாலையும் நடை. தினமும் மீன்.

மீனில்தான் சிக்கல். நான் கரமனை அக்ரகாரத்துக்காரி. மத்தி என்கிற சாளைக்கும் அயிலை மீனுக்கும் உள்ள வித்தியாசம் நான் புத்தகத்தில் இருக்கும் படத்தில் பார்த்ததுதான். கிராம் கணக்கு சொன்னேன். அதற்குள் கடைக்கு வந்து சேர்ந்த பேச்சியம்மாள் ‘எத்தன மீனும்மா?’ என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் அவள் விழிஞ்ஞம் கடற்கரையில் இருந்து வருகிற மீன்காரியிடம் வாங்கிய சாளையை வாழையிலையில் பொதிந்து என் அறைக்கே கொண்டுவந்துவிட்டாள். மருந்து நிறுக்கும் தராசில் ஒவ்வொரு மீனாக வைத்து, சுத்தம் செய்தால் எவ்வளவு நிற்கும் என்று அவளிடம் கேட்டுக் கணக்குப் போட்டேன். நாலு சாளை. என் அறை இரண்டு நாள் நாறியது. என் அம்மா அந்தப் புடவையை வீட்டுக்குள் கொண்டுவர விடவில்லை. நீங்கள் இன்று நோயாளிக்குக் கொடுக்கிற மீன் பட்டியலில் கிராமுக்குப் பக்கத்தில் எண்ணிக்கையும் இருக்கிறதே, அதில் முதல் வரி அந்த நாலு சாளை.

ஒவ்வொரு ஐந்தாம் நாளும் அவரை வரச் சொல்லி எடையை மட்டும் பார்க்காமல் கைப்பிடியின் வலுவையும் நாற்காலியில் இருந்து எழுவதையும் பார்த்தேன். எடை ஏமாற்றும், நீர் கோத்தாலும் ஏறும் என்பதை நான் கற்றுக்கொண்டாயிற்று. பத்தாம் நாள் கையை ஊன்றாமல் ஒரு தடவை எழுந்தார். பதினைந்தாம் நாள் மூன்று. இருபதாம் நாள் மூன்றோடு நின்றுவிட்டது. அன்று வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று வாரம் முடிந்த அன்று சர்ஜன் அறையில் அதே நாற்காலி. அதே ஆட்கள். சுடலைமுத்து கையை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று சுலபமாக வந்தன. நான்காவதில் மூச்சு வாங்கியது. ஐந்தாவதுக்கு முன் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தார். எழுந்திருங்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எழுந்தார். நிமிர்ந்து நின்றார். சர்ஜன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி அறுவைக்குத் தேதி போட்டார். பிறகு திரும்பிப் பார்க்காமலே, இனிமேல் என் பட்டியலில் வருகிற ஒவ்வொருவருக்கும் இந்த அம்மாவின் கையெழுத்து இல்லாமல் தேதி இல்லை என்று ஜூனியரிடம் சொன்னார். நம் விதி பிறந்தது இப்படி. அது அவர் எனக்குக் கொடுத்த பரிசு என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் கட்டிப்போட்டார் என்பதுதான் சரி. அதில் எனக்கு இப்போது இன்னும் அதிகப் பெருமை.

அறுவை நல்லபடியாக முடிந்தது. ஈரல் விஷயத்தில் முடிந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது; தழும்பு இருக்கும்வரை இன்னொரு கட்டிக்குப் பயந்துகொண்டே இருக்க வேண்டும். ஆனால் அவர் வருடக்கணக்கில் ஸ்கேனுக்கு வந்தார், ஒவ்வொரு தடவையும் சுத்தமாகத் திரும்பிப் போனார். இன்றும் வடைச் சட்டிக்கு முன்னால் ஸ்டூல் இல்லாமல் நிற்கிறார்.

அந்த முதல் சீட்டு பிளாஸ்டிக் உறையோடு என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப் போகாமல் வேண்டுமென்றேதான் விட்டுவந்தேன். இழுப்பறையைச் சுத்தம் செய்கிறேன் என்று யாரும் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மூத்தவர்களுக்கு ஒன்று: பாதி எழுது என்று நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். நூறு பேர் கேட்காமல் போவார்கள். அந்த நூறு பேரை வைத்து எழுதினால், கேட்கிற ஒருவர் செத்துப்போவார்.

நான் ஓய்வு பெற்ற அன்று காலையில் சுடலைமுத்துவின் முறை வந்தது. அவர் அதைத் தெரிந்து வந்தாரா, தற்செயலா என்று நான் கேட்கவில்லை. எடை பார்த்தேன், கைப்பிடி பார்த்தேன், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தேன். எண்ணெயை அரை ஸ்பூன் குறைத்து, பருப்பை அப்படியே விட்டு, புதிதாக ஒரு சீட்டு எழுதினேன். என் வேலையில் நான் எழுதிய கடைசிச் சீட்டு அது. அவர் இரண்டு கையாலும் வாங்கி, முழுவதும் படித்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் கேட்பதை அன்றும் கேட்டார்.

“இதுல எழுதியிருக்கத அப்படியே செய்யணுமாம்மா?”

சீட்டை அவர் கையில் இருந்து திரும்ப வாங்கி இன்னொரு முறை ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

“அப்படியே செய்யுங்கோ” என்றேன்.